ஒரு பெட்டியின் மெய்மைச் சான்று

"அக்கா என்னை டிஹுவானாவுக்கே வந்துடச் சொல்றா, தோன் எவாரிஸ்தோ" என்று ஒதிலியா தன் தையல் கடையில் சொன்னது புதன்கிழமை. பதினொரு வருடப் பழக்கத்திலும் இருவருக்கும் நடுவில் 'தோன்', 'தோன்யா' என்ற மரியாதை விலகவில்லை.

"அங்க என்ன இருக்கு?"

"அக்கா இருக்கா. கடல் இருக்கு. கடலுக்குள்ள வரைக்கும் போற எல்லை வேலி ஒண்ணு இருக்கு."

"எப்போ கிளம்பறீங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி பஸ். கடைச் சாவியை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு ஏற வேண்டியதுதான். இந்த ஊர்ல என்னை யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. அது எவாரிஸ்தோ பினேதாவின் தொண்டைக்குள் பதினொரு வருடமாகக் குடியிருந்தது. அவர் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு. "கடற்கரை ஊர்ல தையல் மெஷின் சீக்கிரம் துருப்பிடிக்கும், தோன்யா ஒதிலியா. எண்ணெய் கொஞ்சம் அடிக்கடி விடணும்."

"விடறேன்" என்றாள் ஒதிலியா. பள்ளிச் சீருடை ஒன்றின் கழுத்துப் பட்டியைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் அறுத்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்க வீட்டுல மூணு பொண்ணுங்க. ரெண்டு பேருக்குத் தெகோல்சிங்கோ பெட்டி வந்துது. எனக்கு இந்த மெஷின் வந்துது."

வியாழனும் வெள்ளியும் எவாரிஸ்தோ இந்த வாக்கியத்தைத் தன் பட்டறையில் வைத்துத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்தார். தையல் மெஷின் பழுதுபார்ப்பவர் அவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். எத்தனை முறை கழற்றினாலும் உள்ளே ஒரே பொருள்தான் இருந்தது.

தெகோல்சிங்கோ பெட்டி என்றால் அந்த மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாசனை மரத்தில் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வண்ணம் பூசி, மேல் வண்ணத்தை முள்ளால் சுரண்டி முயலும் பறவையும் கொடியும் வரைந்திருப்பார்கள். ஓர் ஆண் அந்தப் பெட்டியை வெறுமையாகக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் மேசைமேல் வைத்தால் போதும். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. சம்மதம் என்றால் அவள் தன்னுடைய பொருள் ஏதாவது ஒன்றை உள்ளே போட்டு மூடுவாள். சம்மதம் இல்லை என்றால் காபி கொடுத்துப் பெட்டியோடு அனுப்பிவிடுவாள். வாய் செத்த ஆண்களுக்காகவே யாரோ ஒரு புண்ணியவதி ஏற்படுத்தி வைத்த வழக்கம். எவாரிஸ்தோவுக்காகவே என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை விடியற்காலையில் தங்கள் ஊரான குவாவுத்லாவில் பஸ் ஏறி ஒன்பது மணிக்குத் தெகோல்சிங்கோவில் இறங்கினார். திரும்பும் பஸ் இரண்டு மணிக்கு. ஆறு மணிக்கு ஊர். ஏழு மணிக்குத்தான் ஒதிலியாவின் பஸ். நடுவில் ஒரு மணி நேரம். ஒரு பெட்டியை மேசைமேல் வைக்க எவ்வளவு நேரம் ஆகப் போகிறது.

சந்தையில் தோன்யா கிரெசென்சியா என்ற அம்மாள் தன் கடையில் உட்கார்ந்து, தானே சுரண்டிய பெட்டிகளைத் தானே விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் சிவப்புச் சாயம். எவாரிஸ்தோ ஒரு சிறிய சிவப்புப் பெட்டியை எடுத்தார். மூடியின்மேல் ஒரு முயல், காதைத் தூக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தது. பெட்டியைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோலும் மழையும் கலந்தது மாதிரி ஒரு வாசனை எழுந்தது.

"யாருக்கு?" என்றாள் கிரெசென்சியா.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு."

"உள்ள ஏதாவது இனிப்பு போட்டுக் கட்டித் தரட்டுமா?"

"இருக்கட்டுங்க. வெறும் பெட்டிதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அது தெரிஞ்சவங்க இல்ல" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் சுற்றினாள். "பஸ்ஸுக்குப் போறப்ப சர்ச்சுக்குப் பின்னால சுத்திப் போங்க. சதுக்கம் வழியா போகாதீங்க. சதுக்கத்துல மாளிகை இருக்கு."

மாளிகைக்குப் பயந்து யாராவது சுற்றிப் போவார்களா என்று எவாரிஸ்தோ நினைத்தார். சதுக்கம் வழியாகவே போனார்.

மாளிகையின் முழுப்பெயர் 'மலைப்பகுதி மக்கள் பாரம்பரியக் கைவினை மெய்மைச் சான்றளிப்பு, பாதுகாப்பு மற்றும் பரப்புரை மாளிகை'. பெயர்ப்பலகை முன்சுவரில் கொள்ளாமல் மூலையில் திரும்பிப் பக்கவாட்டுச் சுவரிலும் ஓடியது. வாசலில் இட்செல் என்று மார்பில் பெயர் குத்திய ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் சிரிப்பில் எந்தக் கள்ளமும் இல்லை. பின்னால் நடந்தது எதற்கும் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது.

"ஐயா, உங்க பெட்டி அசல்தான்னு இலவசமா ஒரு மெய்மைச் சான்று தரோம். அஞ்சே நிமிஷம். வாங்கிக்கிறீங்களா?"

எவாரிஸ்தோவுக்குச் சான்று தேவையில்லை. பெட்டி அசல் என்று அவர் மூக்குக்குத் தெரியும். ஆனால் எதிரே நிற்பவர் முகம் மலர்ந்து ஒன்றை நீட்டும்போது நேருக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது அவர் வளர்ந்த வீட்டில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவர் அம்மா, கதவைத் தட்டிய கலைக்களஞ்சிய விற்பனைக்காரர்களிடம் வேண்டாம் சொல்ல மனம் வராமல் பதினான்கு தொகுதி வாங்கிப் போட்டவள். மகன் சொன்னார்: "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா சரிம்மா."

"ஒரு சிரமமும் இல்ல" என்றாள் இட்செல். அவருடைய வாக்காளர் அட்டையை வாங்கி ஓர் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "போறப்ப வாங்கிக்கலாம்." பெட்டியை ஒரு தட்டில் வைத்து, துணி மூடி, ஒரு சின்ன ஜன்னலுக்குள் தள்ளினாள். அவர் கையில் எண் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். எண்பத்து நான்கு.

உள்ளே கூடத்தில் பலகை எண்பத்து மூன்று என்று காட்டியது. நல்ல வேளை, ஒருவர்தான் முன்னால் என்று எவாரிஸ்தோ உட்கார்ந்தார். அரைமணி கழித்துக் காவலாளியிடம் மெதுவாகக் கேட்டார்.

"எண்பத்து மூணு யாருங்க?"

"அவரா? வியாழக்கிழமை வந்தவர். மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு வீட்டுக்குப் போயிட்டார்."

"அட்டை?"

"விட்டுட்டுத்தான் போனார். புது அட்டைக்கு மனு போட்டுக்கிறாராம். அது சீக்கிரம் வந்துடும்னார்."

பதினொன்றரை மணிக்கு ஒலிபெருக்கி இருமியது. எண்பத்து நான்கு, ஏழாம் ஜன்னல்.

கூடத்தில் ஏழாம் ஜன்னல் மட்டும்தான் இருந்தது. ஒன்று முதல் ஆறு வரை அடுத்த கட்டத்தில் திறக்கப்படும் என்று ஒரு பழைய அறிவிப்பு சொன்னது. கண்ணாடிக்குப் பின்னால் லிசென்சியாதா முங்கியா இருந்தார். லிசென்சியாதா என்றால் பட்டம் பெற்ற பெண்மணி. அந்த மாளிகையில் காவலாளியைத் தவிர அத்தனை பேரும் பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்தோடுதான் நடமாடினார்கள். பட்டத்தை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள்.

"வாக்காளர் அட்டை நகல், ரெண்டு பக்கமும்" என்றார் முங்கியா. எதிரே ஒலிவாங்கி இருந்ததால் அவர் குரல் கூரையிலிருந்து விழுந்தது.

"அட்டையை வாசல்ல குடுத்துட்டேங்க, லிசென்சியாதா."

"நல்லது. நகல்?"

"அட்டை உங்ககிட்டயே இருக்கே."

"எங்ககிட்ட இருக்கிறது அட்டை. நான் கேக்கிறது நகல்."

"நகல் எங்க எடுக்கணும்?"

"வெளிய, எதிர்த்த கடையில."

"சரிங்க, போயிட்டு வந்துடறேன்."

"எண்பத்து மூணு அப்படிப் போனதுக்கப்புறம், அட்டை இல்லாம யாரையும் வெளிய விடறதில்ல" என்றார் முங்கியா. இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, குடை எடுத்துக்கொள் என்று சொல்லும் குரலில் சொன்னார். "பரவாயில்ல. இந்த மாதிரி நிலைமைக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். உங்களை 'தன்னை எவாரிஸ்தோ என்று கூறிக்கொள்பவர்'னு பதிவு பண்ணிக்கிறேன். பெட்டி எங்க வாங்கினீங்க?"

"சந்தையில. தோன்யா கிரெசென்சியா கடையில."

"செஞ்சவங்ககிட்டயே நேரா வாங்கினீங்களா?" முங்கியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப செஞ்சவங்களையும் சரிபார்க்கணும். ஆள் அனுப்பறேன். அதுக்குள்ள நீங்க மூக்குக்குப் போயிட்டு வந்துடுங்க."

மூக்கு என்பது இரண்டாவது அறை. வாசனை மரத்தின் வாசனையை முகர்ந்து சான்றளிக்க அரசாணையால் நியமிக்கப்பட்ட ஒரே அதிகாரி பொறியாளர் தாப்பியா. அவர் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வையும், மேசை நிறையக் கைக்குட்டைகளும் வைத்திருந்தார். மூன்று வாரமாக ஜலதோஷம். சிவந்த மூக்கைப் பெட்டிக்குள் விட்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு மரணச் செய்தியைச் சொல்லும் முகத்தோடு, "ஒண்ணும் வரலை" என்றார்.

"எனக்கு வருதுங்களே" என்றார் எவாரிஸ்தோ. அறையே ஆரஞ்சுத் தோலாக மணத்துக்கொண்டிருந்தது.

"உங்க மூக்குக்குப் பதிவு எண் இருக்கா?"

"இல்லைங்க."

"என் உதவியாளருக்கும் வருது. காவலாளிக்கும் வருது. போன வாரம் என் வீட்டுக்காரி சாப்பாடு கொண்டாந்தா, அவளுக்கும் வந்துது. ஆனா அதிகாரபூர்வமா வாசனை இன்னும் வரலை." அவர் மூக்கைச் சிந்தினார். "நான் மூணு வாரமா லீவு கேக்கறேன். ஜலதோஷத்துக்கு லீவு கிடையாது, வேலைக்கு இடைஞ்சலான நோய்க்குத்தான் உண்டுங்கறாங்க. ஜலதோஷம் என் வேலைக்கு இடைஞ்சல்னு டாக்டர் எழுதித் தரணும். மூக்குங்கிறது ஒரு வேலைக் கருவின்னு அந்த டாக்டர் எழுத மாட்டேங்கறார்."

எவாரிஸ்தோவுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. இஞ்சியும் தேனும் கலந்து குடிக்கச் சொன்னார். தாப்பியா அதைக் குறித்துக்கொண்டு, படிவத்தில் 'வாசனை: நிலுவையில்' என்று எழுதி முத்திரை குத்தினார். முத்திரை விழுந்துவிட்டதால் எவாரிஸ்தோ அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றார்.

கூடத்துக்குத் திரும்பியபோது கிரெசென்சியா வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும், "சர்ச்சுக்குப் பின்னாலன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள்.

"ஒரு பொண்ணு அன்பா கூப்பிட்டுதுங்க."

"அன்பா கூப்பிடாட்டி யாரு உள்ள வருவா? கடையை மூடிட்டு வந்திருக்கேன். சனிக்கிழமை வியாபாரம். உங்க தெரிஞ்சவங்களுக்கு இது தெரிஞ்சா எனக்குப் பத்து தமால் கொழுக்கட்டை அவிச்சு அனுப்பணும்."

அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே, சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு படம் மாட்டியிருந்தது. பூவேலை செய்த மேல்சட்டை, ரிப்பன் பின்னிய சடை, கையில் முள், மடியில் பெட்டி. கீழே 'எங்கள் மெய்மையின் முகம்' என்று எழுதியிருந்தது. அந்த முகம் கிரெசென்சியாவின் முகம்.

"அது நீங்கதானே?" என்றார் எவாரிஸ்தோ.

"இங்க உள்ளவங்க அப்படிச் சொல்லலை" என்றாள் அவள்.

முங்கியா அவளை ஜன்னலுக்கு அழைத்தார். கணினியில் அந்தப் படம், எதிரே பழுப்பு ஸ்வெட்டரில் கிரெசென்சியா. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒத்துப்போகலை, சென்யோரா. போன தடவையும் சொன்னேன். நீங்க நீங்களா வரணும்."

"நான் இதுதாங்க. அந்தச் சட்டை நீங்க படம் எடுக்கறப்ப குடுத்தது. எடுத்து முடிச்சதும் திருப்பி வாங்கிட்டீங்க."

"அது மாளிகை உடைமை. ஆனா அந்தச் சட்டைதான் உங்க அடையாளம்."

"அப்ப சட்டையைக் கூப்பிட்டு விசாரிங்க."

முங்கியா சிரிக்கவில்லை, அந்த யோசனையை ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார். பிறகு செய்முறைத் தேர்வு என்று ஒரு வண்ணம் பூசிய பலகையும் முள்ளும் கொடுத்தார். முன்னோர் செய்தது போலத் தன்னியல்பாக, பத்து நிமிடத்துக்குள், மூன்று பிரதிகளில் ஒரு முயல் சுரண்ட வேண்டும். கிரெசென்சியா ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முள் ஓடிய வேகத்தில் எவாரிஸ்தோவுக்கு மூச்சு நின்றது. ஆறே நிமிடத்தில் மூன்று முயல்கள் காதைத் தூக்கித் திரும்பிப் பார்த்தன.

முங்கியா பலகையைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து அளந்தார். "பெட்டியில இருக்கிற முயலும் இதுவும் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே ஆள் போட்டதுங்க."

"அதைத்தான் சொல்றேன். அச்சா ஒரே மாதிரி. இது நகல். அசல் கலைஞர் ஒரு தடவை போட்டதை மறுபடி போட மாட்டார்."

"வேற மாதிரி போட்டிருந்தா?"

"வேற மாதிரி போட்டிருந்தா பெட்டியை நீங்க செய்யலைன்னு ஆயிருக்கும்" என்று முங்கியா விளக்கினார்.

கிரெசென்சியா பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் அட்டையும் இப்போது இழுப்பறையில்தான் இருந்தது. "நாலு வருஷமா என்னை நகல்ங்கறாங்க" என்றாள். "எனக்கே சில நாள் சந்தேகமா இருக்கு."

மணி ஒன்றரை. எவாரிஸ்தோ எழுந்து ஜன்னலுக்குப் போனார். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அதிகாரியிடம் தானாகப் போய்ப் பேசினார். "லிசென்சியாதா, தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு மணிக்கு எனக்கு பஸ். சான்று பரவாயில்லைங்க, அப்புறமா ஒரு நாள்..."

"சான்று உங்க விருப்பம்தான்" என்றார் முங்கியா மிகுந்த கனிவோடு. "எந்தக் கட்டாயமும் இல்ல. வாசல்லயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். ஆரம்பிச்சதை நிறுத்தணும்னா விலகல் மனு போடணும். சனிக்கிழமை விலகல் மனு வாங்கறதில்ல. இப்ப ஜன்னல் மூடறேன், இயக்குநருக்குப் பிறந்தநாள்."

ஜன்னல் மூடியது. கூடத்தின் நடுவில் ஒரு மேசையை இழுத்துப் போட்டார்கள். மூன்று வகைப் பாலில் ஊறவைத்த கேக் ஒன்று வந்தது. தாப்பியா சால்வையோடு வந்தார், இட்செல் வந்தாள், காவலாளி கதவைப் பூட்டிவிட்டு வந்தார். எவாரிஸ்தோவுக்கும் கிரெசென்சியாவுக்கும்கூட ஆளுக்கொரு காகிதத் தட்டில் துண்டு வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களை எதற்கு வேண்டுமானாலும் குறை சொல்லலாம், பக்கத்தில் இருப்பவரை விட்டுச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிறந்தநாள் பாட்டு பாடி முடித்து, முகத்தைக் கேக்கில் வைத்துக் கடிக்கச் சொல்லி எல்லோரும் கத்த, இயக்குநர் டாக்டர் லான்தேரோ மீசையில் வெண்ணெயோடு நிமிர்ந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"நண்பர்களே, இந்த மாளிகை வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர் எப்படி இருந்துது? நினைச்சுப் பாருங்க. வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வருவார். ஒரு பெட்டியைப் பார்ப்பார். பிடிச்சா வாங்குவார். வாங்கினதும் போயிடுவார். அவர் யாரு, ஏன் வாங்கினார், அந்தப் பிடித்தம் நிஜமா, யாருக்கும் தெரியாது. காட்டுமிராண்டித்தனம். இன்னைக்கு அந்தக் குழப்பம் இருக்கா?"

இல்லை என்றார்கள்.

"போன வருஷம் இந்தக் கட்டடத்தைத் தாண்டி ஒரு போலிப் பெட்டிகூட வெளியே போகலை. ஒண்ணுகூட. தலைநகரத்துல இருந்து வந்தவங்க கேட்டாங்க, அசல் எத்தனை போச்சுன்னு. நான் சொன்னேன், ஐயா, நாம பேசறது போலியைப் பத்தி."

கைதட்டல்.

"சிலர் கேக்கறாங்க, டாக்டர், உங்க முப்பத்தெட்டு ஊழியர்ல ஒருத்தருக்காவது பெட்டி செய்யத் தெரியுமான்னு. தெரியாது. பெருமையா சொல்றேன், தெரியாது. தெரிஞ்சா பாரபட்சம் வந்துடும். கலைஞர்கள் பெட்டி செஞ்சுட்டு நிம்மதியா தூங்கறாங்க. அந்தப் பெட்டி நிஜமான்னு தூக்கமில்லாம யோசிக்கிறது நாங்க. அப்படிப் பார்த்தா, யார் இங்க உண்மையான கலைஞர்?"

அவர் பேசிக்கொண்டே இருந்தார். கூடத்தின் உயரமான ஜன்னலில் சதுக்கத்தின் மரங்களும், அதற்கு மேலே மலையும் தெரிந்தன. மரங்களுக்கு நடுவில் ஒரு பஸ்ஸின் கூரை, அதன்மேல் கட்டிய மூட்டைகளோடும் கூண்டில் இரண்டு கோழிகளோடும், மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்து மறைந்தது. எவாரிஸ்தோ கையில் கேக்கோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களதா?" என்றாள் கிரெசென்சியா.

அவர் தலையாட்டினார்.

"அவங்க எத்தனை மணிக்குப் போறாங்க?"

"ஏழு." யாருக்கும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டார். டிஹுவானா, அக்கா, வேலி, மெஷின் எல்லாம். "பெட்டியை வெச்சுட்டா போதும்னு நினைச்சேன். எனக்குப் பேச வராது."

"பதினொரு வருஷமாவா வரலை?"

"நாளைக்குச் சொல்லலாம்னு நினைப்பேன். மறுநாள் அவங்களுக்கு வேலை நிறைய இருக்கும்."

கிரெசென்சியா கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

மூன்றரை மணிக்கு ஒலிபெருக்கி 'தன்னை எவாரிஸ்தோ என்று கூறிக்கொள்பவரை' அழைத்தது. முங்கியா உற்சாகமாக இருந்தார். கேக்கோ என்னவோ.

"கடைசிப் படி. வாசனை நிலுவை, செஞ்சவங்க சந்தேகம், வாங்கினவர் யாருன்னு உத்தேசம்தான். அதெல்லாம் இருந்தாலும் சான்று தரலாம், விதி இருக்கு. பெட்டி யாருக்குப் போகுது?"

"ஒதிலியா சார்மியெந்தோ."

"உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

எவாரிஸ்தோ கையிலிருந்த எண் சீட்டை நாலாக மடித்தார்.

"பட்டியல் படிக்கிறேன், பொருந்தறது வந்தா நிறுத்துங்க. மனைவி. தாய். மகள். மருமகள். அருங்காட்சியகம். வெளிநாட்டுத் தூதரகம்."

"தெரிஞ்சவங்கன்னு ஏதாவது..."

"'தெரிந்தவர்' போன சீர்திருத்தத்துல எடுத்தாச்சு. ரொம்பப் பேர் அதுல மறைஞ்சுக்கிட்டாங்க."

"அப்படின்னா, ஒண்ணும் இல்லைங்க" என்றார் எவாரிஸ்தோ. "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல."

முங்கியா 'பெறுநர் உறவு: இல்லை' என்று தட்டச்சு செய்தார். பக்கத்துக் கதவு திறந்தது. உள்ளே தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள். பெட்டிகள், பானைகள், முகமூடிகள், ஒரு கிதார், குழந்தைகளின் சின்ன நாற்காலிகள், எல்லாவற்றின்மேலும் சீட்டு. அந்த அறையிலிருந்து வந்த வாசனையில் தாப்பியாவே ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தார். முயல் பெட்டியை, மூடியின்மேல் முயலின் முகத்தை மறைத்து ஒரு வெள்ளி முத்திரையை ஒட்டி, கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். கதவு மூடியது.

"எப்ப திரும்பக் கிடைக்கும்?"

"திரும்பக் கிடைக்கணும்னா அது போயிருக்கணும்" என்றார் முங்கியா. "அது எங்கயும் போகலை. பாதுகாப்பா இருக்கு. நாலு மணிக்கு மூடறோம். உங்க அட்டை திங்கட்கிழமை. சாவி இட்செல்கிட்ட, அவ மூணு மணிக்கே கிளம்பிட்டா. அட்டை இல்லாதவங்க காவலாளி அறையில இருக்கலாம், கட்டில் இருக்கு. சுத்தமா இருக்கும்."

எவாரிஸ்தோ பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"இந்தச் சுவர் மூணு முழம் கனம்" என்றாள் கிரெசென்சியா. "ஏழாம் ஜன்னல் கிட்ட மட்டும் கிடைக்கும். போங்க."

போனார். கண்ணாடியை ஒட்டி, ஒலிவாங்கியின் வாயில் வாய் வைத்தது போல நின்றால்தான் இரண்டு கோடு வந்தது. முங்கியா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒதிலியாவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்க இருக்கீங்க தோன் எவாரிஸ்தோ?" ஒதிலியாவின் குரல் ஒலிவாங்கி வழியாகக் கூரையின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. அவர் திடுக்கிட்டு விலகினார். கோடு போனது, குரலும் பாதியில் அறுந்தது. மறுபடி கண்ணாடியோடு ஒட்டினார்.

"...காலையிலேர்ந்து ரெண்டு தடவை உங்க கடைக்கு வந்தேன். பூட்டிக் கிடக்கு. சொல்லாமப் போக மனசு வரலை."

"தெகோல்சிங்கோவுல இருக்கேன்" என்றார். தெகோல்சிங்கோவுல இருக்கேன் என்று கூரையும் சொன்னது. தாப்பியா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். காவலாளி துடைப்பத்தை நிறுத்தினார்.

"அங்க எதுக்கு?"

"பெட்டி வாங்க."

மறுமுனையில் ஒரு ஹாரன் அடித்தது. கூடம் முழுக்க அந்த ஹாரன் ஒலித்தது.

"வாங்கிட்டீங்களா?" என்றாள் ஒதிலியா கடைசியில், மிக மெதுவாக.

"வாங்கினேன். புடுங்கிக்கிட்டாங்க. புடுங்கலை, பாதுகாக்கறாங்களாம். என் அட்டையையும் பாதுகாக்கறாங்க. திங்கட்கிழமை வரைக்கும் என்னையும் பாதுகாப்பாங்க போலிருக்கு. என் கையில ஒண்ணும் இல்ல, தோன்யா ஒதிலியா."

"மெஷினை முன்னாடியே லக்கேஜ்ல போடணும்னு டாக்ஸி இப்பவே வாசல்ல வந்து நிக்குது. ஹாரன் அடிக்கிறான். என்ன சொல்லணும்னு கூப்பிட்டீங்க?"

முங்கியா கண்ணாடியைத் தட்டினார். "ஐயா, இது அலுவலக ஒலிவாங்கி. சொந்த விஷயம் பேசறதுக்குத் தனிப் படிவம் இருக்கு. நாளைக்கு, இல்ல, திங்கட்கிழமை..."

"வேண்டாம்" என்றார் எவாரிஸ்தோ.

அது அவ்வளவு சுலபமாக வெளியே வந்ததில் அவரே ஆச்சரியப்பட்டார். முங்கியாவின் கை பாதியில் நின்றது. பின்னால் பெஞ்சிலிருந்து கிரெசென்சியா எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. தோள் கண்ணாடியில் அழுந்த, கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விலகினால் கோடு போய்விடும். விலகாவிட்டால் ஊரே கேட்கும். அவர் விலகவில்லை.

"பெட்டி கேட்டுக்கும்னு இருந்தேன். இனிமே நான்தான் கேக்கணும். டாக்ஸியைப் போகச் சொல்லுங்க, ஒதிலியா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"